ஐ.டி.ஐ. பிள்ளைகளையும் மேடையேற்றுவோம்



ஐதராபாத்தில் வித்யாநகர் பக்கம் போகும்போதெல்லாம் துர்காபாய் தேஷ்முக் மருத்துவமனையைப் பார்க்கிறோம். அதை நடத்தும் ஆந்திர மகிளா சபாவை துர்காபாய் 1937-இல் தொடங்கியது நம் சென்னையில்தான். ஐதராபாத் தமிழர்களுக்கு இதில் ஓர் உரிமையான பெருமை உண்டு.

துர்காபாய்க்கு எட்டு வயதில் கல்யாணம். வளர்ந்தபின் அந்தப் பந்தத்தை விட்டு விலகினார். விட்ட படிப்பைத் தொடர்ந்து, சென்னையில் சட்டம் பயின்று வக்கீலானார். 1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரும் ஆனார். அப்போது கிராமங்களில் நர்சுகளும் ஆசிரியைகளும் சேவிகைகளும் தேவைப்பட்டார்கள். இன்னொரு பக்கம் விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் என்று வேலைக்கு ஏங்கிய பெண்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பயிற்சிகளில் சேரும் அளவுக்கு அவர்களுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. அதற்காகவே 1958-இல் வாரியம் 'கண்டென்ஸ்டு கோர்ஸ்' திட்டத்தைக் கொண்டுவந்தது. பல வருடப் பாடத்தை இரண்டே வருடத்தில் படித்துப் பரீட்சை எழுதலாம். பிறகு பயிற்சி, பிறகு வேலை. கையில் ஒரு தையல் மெஷினைக் கொடுத்து அனுப்பிவிடுவது சுலபம். துர்காபாயோ அந்தப் பெண்களுக்குச் சான்றிதழும் சம்பளமும் கிடைக்க வழி தேடினார். தொழிற்கல்வியில் நாம் அவரிடம் கற்க வேண்டியது இதைத்தான்.

நம் ஊரிலேயே, பாலாநகரில், ஐ.நா. உதவியோடு 1968-இல் தொடங்கிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. இத்தகைய நிறுவனம் உள்ள ஊரில்கூட, "பையன் ஐ.டி.ஐ. படிக்கிறான்" என்று சொல்லும்போது பெற்றோரின் குரல் தாழ்ந்துவிடுகிறது. எனக்கு அது மிகவும் வருத்தம். ஃபிட்டர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அரம் பிடித்து இரும்புத் துண்டை ராவுகிறான். ஆசிரியர் அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் போதும், மறுபடி ராவ வேண்டும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளைதான் இந்தத் துல்லியத்தைக் கற்றுக்கொள்கிறான். வேலை கிடைத்தபின்னும் கல்யாணப் பேச்சில் அவன் படிப்பைத் தாழ்த்திப் பேசினால், சம்பளம் வந்தும் மரியாதை வரவில்லை என்றுதானே பொருள்?

நம் சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பொறியியலிலும் மருத்துவத்திலும் இடம் பிடித்த பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்தும் இதே மேடையில், அடுத்த ஆண்டு ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்கும் போர்த்துங்கள். தொழிற்சாலையும் பட்டறையும் வைத்திருப்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். துர்காபாயை நினைத்து, ஆளுக்கு ஒரு பெண்ணையாவது அப்ரென்டிஸாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.