கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவன் பேசுகிறேன்

(எங்கள் காலனியில் நடந்த வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை வேண்டாம். ஒரு கயிற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

2020 ஏப்ரல். ஊரடங்கு. ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போட்டார்கள். கூட்டம் சேரக்கூடாது என்று, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தார்கள். அதை நம்ம ஆத்தாக்களுக்கு யார் சொல்வது? எஸ்எம்எஸ் வரும் என்றார்கள். போன் மகனிடம் இருக்கு. மகன் திருப்பூரில் மாட்டிக்கிட்டான். எல்லா இலக்கமும் எல்லா நாளும் வந்து நின்றது. நான் வேலை பார்த்த கிளையின் வாசலில் கயிறு கட்டினோம். கட்டியவர்களில் நானும் ஒருத்தன்.

அந்த வரிசையில் எனக்குச் சின்னம்மா முறையாகிற ஒருத்தி நின்றாள். நாற்று நட்டு நட்டு ரேகை தேய்ந்த கை. மெஷின் எடுக்கவில்லை. நாலு தரம் வைத்தாள். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. "தள்ளி நில்லும்மா" என்றேன். "தள்ளி நிக்கிறது நமக்கு என்னடா புதுசு? அதை நீயும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ரேகை விழாவிட்டால் பாஸ்புக்கில் உள்ள போட்டோவைப் பார்த்து, சாட்சி வைத்து, சீட்டில் கைநாட்டு வாங்கிப் பணம் கொடுக்க வழி உண்டு. எனக்கு அது தெரியும். கூட்டத்தைக் காரணம் காட்டிச் செய்யாமல் விட்டேன். மறுநாள் கொடுத்தேன். ஆனால் மறுநாள் என்பது அவளுக்கு இன்னொரு நாள் நடை.

அந்த நாட்களில் 'சமூக இடைவெளி' என்று ஊரெல்லாம் எழுதி ஒட்டினார்கள். கிருமிக்கு வேண்டியது உடம்புக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி. சமூகத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளி கிருமி கொண்டு வந்ததல்ல. தனிக் கிணறு, தனி டம்ளர், தனிச் சுடுகாடு என்று அதை நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம்.

சரி, நோய் தணிந்தது. கயிற்றை அவிழ்த்தோம். ஆனால் பழைய நிலைமை திரும்பி வரவில்லை. சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம் எல்லாம் வேகமாகக் கணினிக்கும் போனுக்கும் போய்விட்டன. வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. வரிசை இல்லாமல் போய்விட்டதா? இல்லை. ஓடிபி வரும் போன் இல்லாதவர், ஆதாரில் பெயர் தப்பாக இருப்பவர், ரேகை தேய்ந்தவர் எல்லோரும் இன்னும் கயிற்றுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

பிள்ளைகளைப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பரில்தான் திறந்தது. ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். யாருக்குப் பாடம்? பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தெருத் திண்ணையில் பாடம் நடந்தது. நல்ல காரியம். பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடி வர முடியும் என்றால் நூலகம் ஏன் வர முடியாது?

முடியும். 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். கொரோனாவுக்குப் பிறகு 'நூலக நண்பர்கள்' என்று தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொடுக்கும் திட்டம் வந்திருக்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் பெரிய நூலகம் திறந்தார்கள். சந்தோஷம்தான். நம்ம கேள்வி, வண்டி எந்தத் தெரு வரைக்கும் வரும் என்பது.

சின்ன வயசில் நான் போன நூலகம் ஊர்த்தெருவில் இருந்தது. மற்றவர்கள் படித்து முடித்த பேப்பர்தான் என் கைக்கு வரும், அதுவும் வெளித் திண்ணையில். யாரும் உள்ளே வராதே என்று சொன்னதில்லை. உள்ளே நாற்காலி காலியாக இருந்தபோதும் வா என்று சொன்னதுமில்லை. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகம் கட்டினார்கள். நம்ம ஊருக்கும் ஒன்று வந்தது. இன்றைக்கு அதில் பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கு, பூட்டு தொங்குது.

வீட்டுக்குப் போனதும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். நூறு ரூபாய் வரிக்குப் பத்து ரூபாய். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த வரி இது. ஓலைக் குடிசையோ காலனி வீடோ, வரி கட்டுகிற எல்லோரும் இதையும் சேர்த்தே கட்டுகிறோம். அதனால் நாம் கேட்பது சலுகை இல்லை, நம்ம காசுக்குக் கணக்கு.

பம்பாய் தாதரில் புத்தகங்களுக்கென்றே வீடு கட்டியவர் அம்பேத்கர். அந்த ராஜகிருகத்தை 2020 ஜூலையில், ஊரடங்குக் காலத்திலேயே, அடித்துச் சேதப்படுத்தினார்கள். புத்தகம் வைத்திருக்கிற வீட்டின் மேல் அவர்களுக்கு இருக்கிற கோபத்தில் பாதியாவது அக்கறை நமக்கு வேண்டாமா?

நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, பூட்டைத் திறக்கணும். இரண்டு, கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்புகிற நேரத்தில், ராத்திரி எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கணும். மூன்று, அங்கே ஒரு கணினியும், காசு வாங்காமல் விண்ணப்பம் போட்டுத் தர ஓர் ஆளும் வேணும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளையும், ஓய்வூதியத்துக்கு அலைகிற கிழவனும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொடுப்போம். ஆளுக்கொரு வரி ரசீதோடு வாங்க. ஆள் போடும்வரை, இரண்டாம் சனியும் நாலாம் சனியும் எனக்கு லீவு. நான் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன். சின்னம்மா முன்வரிசையில்தான் இருக்கு. முதல் விண்ணப்பம் அதுக்குத்தான்.

ஜெய்பீம்.