ஓட்டைப் பிரிக்கிறவன் யார்?

(இலஞ்சியில் நடந்த பகுத்தறிவுப் பிரச்சாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சாரல் விழுகிற இந்த நேரத்தில் குற்றாலத்து அருவிக்குப் போகாமல் நமது பேச்சைக் கேட்க இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பதற்கு முதலில் நன்றி செலுத்துகிறோம். நாம் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க வந்தவர்கள் அல்ல. தேர்தலில் நிற்பது நமது வேலையுமல்ல. ஆனால் சாமியைப் பற்றியும் சாத்திரத்தைப் பற்றியும் மக்களுக்கு இருக்கிற மூடநம்பிக்கையைப் போலவே, ஓட்டைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லுவது நமது வேலையென்று கருதுகிறோம்.

அது என்ன மூடநம்பிக்கை? தேர்தல் முடிந்த மறுநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய் நில்லுங்கள். “அந்த மூன்றாவது ஆள் ஓட்டைப் பிரித்துவிட்டான், அவனால் நம் ஆள் தோற்றான், அவனுக்குப் போட்ட ஓட்டெல்லாம் வீண்” என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். தோற்றவனும் இதைத்தான் சொல்லுகிறான். ஜெயித்தவனும் அடுத்த தேர்தலுக்கு முன்கூட்டியே இதைத்தான் சொல்லிவைக்கிறான்.

இந்தப் பக்கத்தில் இந்தப் பேச்சு அதிகமாக இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. தென்காசி சட்டசபைத் தொகுதியில் 2016-ஆம் வருஷம் அண்ணா தி.மு.க. அபேட்சகர் செல்வமோகன்தாஸ் பாண்டியன் அவர்கள் காங்கிரஸ் அபேட்சகர் பழனி நாடார் அவர்களை 462 ஓட்டில் தோற்கடித்தார். 2021-இல் அதே பழனி நாடார் அதே செல்வமோகன்தாஸ் பாண்டியனை 370 ஓட்டில் தோற்கடித்தார். இரண்டு தடவையிலும் இவ்விருவரல்லாத மற்றவர்கள் வாங்கிய ஓட்டுகள் இந்த 462-க்கும் 370-க்கும் பல மடங்கு. ஆகவே தோற்ற பக்கத்தார் ஒவ்வொரு தடவையும் மூன்றாமவனைத் திட்டியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தத் திட்டுதலில் நியாயம் இருக்கிறதா என்பதுதான் நமது கேள்வி.

தோழர்களே! ஒருவன் ஓட்டைப் “பிரித்தான்” என்றால் அந்த ஓட்டு முன்பே வேறொருவனுக்குச் சொந்தமாயிருந்தது என்றல்லவா அர்த்தம்? அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதற்கு ஓட்டு என்ன அப்பன் தேடிவைத்த நிலமா? ஓட்டு ஓட்டனுடைய சொத்து. அவன் கொடுக்கிறவரைக்கும் அது எந்தக் கட்சிக்கும் உரியதல்ல. அதைத் தன்னுடையது என்று ஒரு கட்சி நினைத்துக்கொள்ளுவது, தர்ப்பைப் புல்லைக் கையில் பிடித்தவன் நம் வீட்டுக் கலியாணத்தில் தட்சணை தனக்குப் பாத்தியம் என்று நினைத்துக்கொள்ளுவதைப் போன்றதேயாகும்.

இந்தப் புலம்பல் நம் நாட்டில் மட்டும் இருப்பதல்ல. இரண்டு கட்சிகளே மாறி மாறி ஆளுகிற அமெரிக்காவில் 2000-ஆம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தல் புளோரிடா என்ற ஒரே மாகாணத்தின் 537 ஓட்டில் முடிவாயிற்று. அங்கே மூன்றாவதாக நின்ற நேடர் வாங்கியது 97,000-க்கு மேல். தோற்ற கோர் கட்சியார் இன்றுவரை நேடரைச் சபிக்கிறார்கள். ஆனால் அதே அமெரிக்காவில் 1844-இல் நடந்ததையும் பாருங்கள். பெரிய கட்சிகளின் அபேட்சகர்களான போல்க், கிளே ஆகிய இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். அடிமைமுறை ஒழியவேண்டும் என்று மூன்றாவதாக பிர்னி என்பவர் நின்றார். நியூயார்க்கில் போல்க் சுமார் 5,100 ஓட்டில் ஜெயித்தார். பிர்னிக்கு அங்கே 15,000-க்கு மேல் விழுந்திருந்தது. “பிர்னியால் கிளே கெட்டார்” என்று அன்றும் திட்டினார்கள். ஆனால் அந்தச் சிறு கூட்டத்தின் கொள்கையை அடக்க முடிந்ததா? 1854-இல் தோன்றிய ஒரு புதுக் கட்சி 1860-இல் லிங்கனை ஜனாதிபதியாக்கிற்று. 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. வீணாய்ப் போன ஓட்டு எது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, மூன்றாமவன் நிற்கவும் வேண்டும், அவனால் பெரும்பாலார் விருப்பம் கெடாமலும் இருக்கவேண்டும். இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அது நம் நாட்டிலேயே இருக்கிறது. யாரிடம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

குற்றாலத்துப் பழக்கடைக்குப் போகிறோம். “மங்குஸ்தான் கொடு, அது தீர்ந்துபோயிருந்தால் ரம்புட்டான் கொடு” என்கிறோம். மங்குஸ்தான் இல்லையென்பதற்காகக் கடைக்காரன் நம்மை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. இவ்வளவுதான் விஷயம். ஓட்டுச் சீட்டில் முதலாவது யார், அவர் தேறாவிட்டால் இரண்டாவது யார் என்று 1, 2 போடுவது. கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டில் 2 யாருக்கு இருக்கிறதோ அவருக்கு அதைச் சேர்ப்பது. யாராவது ஒருவர் பாதிக்குமேல் எட்டுகிறவரை இப்படியே எண்ணுவது.

இந்த முறையில்தான் நம் நாட்டு ஜனாதிபதியைத் தெரிந்தெடுக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்லுகிறது. 1969-ஆம் வருஷம் மே மாதம் ஜாகீர் உசேன் அவர்கள் காலமானார். ஆகஸ்டு மாதம் தேர்தல் வந்தது. காங்கிரஸ் நிறுத்தியவர் சஞ்சீவ ரெட்டி. பிரதம மந்திரி இந்திரா காந்தி அம்மையார் மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட, சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி அவர்களுக்குப் பலம் வந்தது. சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் மூன்றாவதாக சி.டி.தேஷ்முக் அவர்களை ஆதரித்தன. இவர் முன்னாள் நிதி மந்திரி. ரிசர்வ் பாங்கின் முதல் இந்திய கவர்னர்.

அந்தத் தேர்தலில் ஒவ்வொரு மெம்பர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்புப்படி மொத்தம் 8,36,337; ஜெயிக்க வேண்டியது 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. மற்றச் சிறு அபேட்சகர்கள் எல்லோருக்கும் சேர்ந்து 8,505. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை.

இப்பொழுது டீக்கடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரெட்டியும் தேஷ்முக்கும் சேர்ந்தால் 4,26,317. அதாவது ஜெயிக்க வேண்டியதற்கும் மேல்! ஆகவே “தேஷ்முக் ஓட்டைப் பிரித்தார், ரெட்டி கெட்டார்” என்றுதான் டீக்கடையில் தீர்ப்பாகியிருக்கும். ஆனால் அங்கே சீட்டைப் புரட்டி இரண்டாவது விருப்பத்தையும் எண்ணினார்கள். நீக்கப்பட்டவர்களின் ஓட்டிலிருந்து ரெட்டிக்கு 91,879 வந்தது. கிரிக்கு 18,562 வந்தது. மீதி யாருக்கும் சேரவில்லை. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரி ஜனாதிபதியானார்.

சிறு அபேட்சகர்களின் ஓட்டு அத்தனையும் கிரிக்கே போயிருந்தாலுங்கூட அது 8,505-க்கு மேல் இல்லை. ஆகவே கிரிக்கு வந்த 18,562-இல் பத்தாயிரத்துக்குக் குறையாமல் தேஷ்முக் பெட்டியிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். மூன்றாமவனுக்குப் போட்டவனெல்லாம் இரண்டாமவனுடைய ஆள் என்ற கணக்கு எவ்வளவு பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஓட்டனைக் கேட்டால் உண்மை தெரிகிறது. கேட்காமல் நாமாகக் கூட்டிப் பார்த்தால் சோதிடம்தான் தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த இரண்டாவது விருப்பம் போடும் உரிமை யாருக்கு இருக்கிறது? ஜனாதிபதித் தேர்தலில் பார்லிமெண்டு மெம்பருக்கும் சட்டசபை மெம்பருக்கும் இருக்கிறது. ராஜ்ய சபைக்கு ஆள் அனுப்பும்போதும் சட்டசபை மெம்பருக்கு இருக்கிறது. அந்த மெம்பரை மெம்பராக்கி அனுப்பிய இலஞ்சிக் குடியானவனுக்கு இருக்கிறதா? இல்லை! அவன் ஒரே ஒரு பொத்தானைத்தான் அமுக்கலாம். பெரியவன் இரண்டு தடவை மனதைச் சொல்லலாம். சின்னவன் ஒரு தடவைதான் சொல்லலாம். ஒரே குற்றத்துக்குப் பிராமணனுக்கு ஒரு தண்டனை, சூத்திரனுக்கு ஒரு தண்டனை என்று மனு எழுதிவைத்ததை நாம் கண்டிக்கிறோமே, இது அதன் தம்பியல்லவா?

இன்னும் ஒரு வேடிக்கை. இரண்டு பேருக்குச் சமமான ஓட்டு வந்துவிட்டால் 1951-ஆம் வருஷத்துத் தேர்தல் சட்டப்படி சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இரண்டாவது விருப்பம் என்ன என்று மனிதனைக் கேட்க மாட்டார்களாம். திருவுளச் சீட்டைக் கேட்பார்களாம்!

“படியாத ஜனங்களுக்கு 1, 2 போடத் தெரியாது” என்பார்கள். ஆடு விற்கவும் வட்டிக் கணக்குப் பார்க்கவும் தெரிந்த ஜனங்களுக்கா தெரியாது? பக்கத்து இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் சாதாரணக் குடிமக்களே 1982 முதல் மூன்று விருப்பம் வரை குறிக்கலாம். 2024-இல் ஒருவரும் பாதியைத் தாண்டாததால் முதல் தடவையாக இரண்டாவது விருப்பத்தை எண்ணினார்கள். அநுர குமார திசாநாயக்க ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் 2,26,343 ஓட்டு வாங்கினார். அவருக்கு 1 போட்ட தமிழன், தன் குறையை உலகத்துக்குச் சொல்லிவிட்டு, ஆளப்போகிறவன் யார் என்பதிலும் 2 போட்டுப் பங்கு கொள்ளலாம். வசதி இருந்தது. ஆனால் உண்மையை மறைக்கக்கூடாது. நீக்கப்பட்டவர்களின் 33 இலட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளில், மிஞ்சிய இருவருக்கும் சேர்ந்தது சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரந்தான். உரிமை இருந்தும் பெரும்பாலோர் அதை உபயோகிக்கவில்லை. ஆகவே சட்டம் மட்டும் போதாது, பிரச்சாரமும் வேண்டும்.

மூன்றாவதாக நிற்கிறவனெல்லாம் யோக்கியன் என்று நாம் சொல்லவில்லை. பெரிய கட்சியிடம் விலை பேசுவதற்காக நிற்கிறவன் உண்டு. ஜாதியைக் காட்டி நிற்கிறவன் உண்டு. பெயரைக் காட்டிக் குழப்ப நிறுத்தப்படுகிறவனும் உண்டு. 2024-இல் இராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலர் நின்றதை நாடே பார்த்துச் சிரித்தது. ஆகவே மூன்றாமவன் வந்தால், “உன் கொள்கை என்ன? அது நீ தோற்றாலும் நிற்குமா? நேற்று எங்கே இருந்தாய்?” என்று கேளுங்கள். பெரிய கட்சிக்காரனையும் அதே மாதிரி கேளுங்கள்.

பெரிய கட்சிகளுக்கு வெளியே இருந்தவர்களால் நமக்கு வந்த நன்மையையும் மறக்கவேண்டாம். 1926 தேர்தலில் சென்னைச் சட்டசபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சுயராஜ்யக் கட்சியும் அல்லாமல், ஜஸ்டிஸ் கட்சியும் அல்லாமல், டாக்டர் சுப்பராயன் அவர்களின் சுயேச்சை மந்திரிசபை ஏற்பட்டது. வகுப்புவாரி உத்தரவை 1928-இல் அமுலுக்குக் கொண்டுவந்த முத்தையா முதலியார் அந்த மந்திரிசபையில் இருந்தவரே. 1957-இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்ற தி.மு.கழகத்துக்குக் கிடைத்தது 15 இடம்; 1962-இல் 50; 1967-இல் சர்க்காரே அதன் கைக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று அந்தச் சர்க்கார்தான் சட்டம் செய்தது. 1957-இல் அதற்குப் போட்ட ஓட்டு வீண் என்று ஒதுக்கியிருந்தால், பார்ப்பானும் மந்திரமும் இல்லாமல் நடந்த கலியாணங்களுக்கு அந்தச் சட்டம் அன்று கிடைத்திருக்குமா?

ஆகையால் தோழர்களே! இப்போதுள்ள முறையில், இருவரில் அதிகக் கெடுதிக்காரன் வந்துவிடுவானே என்று யோசித்து மற்றவனுக்குப் போடுகிறவனை நாம் குறை சொல்லவில்லை. அதுவும் யோசனைதான். ஆனால் கொள்கைக்காக மூன்றாமவனுக்குப் போட்டவனைத் துரோகி என்று சொல்லாதீர்கள். “எங்கள் ஓட்டை அவன் பிரித்தான்” என்று யாராவது வந்தால், “அது உன் ஓட்டல்ல, என் ஓட்டு; என் இரண்டாவது விருப்பத்தைக் கேட்க நீ ஏன் சட்டம் செய்யவில்லை? உனக்கு மட்டும் அந்த உரிமையை வைத்துக்கொண்டாயே, ஏன்?” என்று திருப்பிக் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லுகிறவரை அவனை விடாதீர்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கணக்கைப் போட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நமது பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.