உள்நாட்டு விவகாரம் என்றொரு பூட்டு

(மே 21, உலகப் பண்பாட்டுப் பன்மை நாளையொட்டி மாணவர் வாசகர் வட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2001ஆம் ஆண்டுக்கு ஐ.நா. சூட்டிய பெயர்களில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, நாகரிகங்களுக்கிடையிலான உரையாடல் ஆண்டு. மற்றொன்று, இனவெறிக்கு எதிரான அணிதிரட்டல் ஆண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு தொடங்கியது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் செயற்பாட்டாளர்கள் இந்தியாவிலிருந்து போனார்கள்.

இந்திய அரசு மறுத்தது. சாதி வேறு, இனம் வேறு. சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது. மாநாட்டின் இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல்லே இடம்பெறவில்லை.

இந்த 'உள்நாட்டு விவகாரம்' யாருடைய வாதம் தெரியுமா? 1946இல் தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்தியர்கள் மீதான ஒடுக்குமுறையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது இந்தியா. அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். இந்தியா அதை ஏற்கவில்லை. ஐ.நா. பொது அவையும் ஏற்கவில்லை. அன்று ஸ்மட்ஸ் போட்ட பூட்டை 55 ஆண்டுகள் கழித்து, அவருடைய மண்ணிலேயே, இந்தியா எடுத்து மாட்டியது.

சாதி இனம் அல்ல என்று அம்பேத்கரும் எழுதினாரே என்று கேட்பார்கள். எழுதினார். ஆனால் அவர் அப்படிச் சொன்னது சாதியை ஒழிக்க. இவர்கள் சொல்வது சாதியை மறைக்க. இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை நிறத்தையும் இனத்தையும் மட்டும் பேசவில்லை. 'வம்சாவளி' என்ற சொல்லும் அதில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்க்க முன்மொழிந்ததே இந்தியாதான். அச்சொல் சாதியையும் குறிக்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002இல் தெளிவாக அறிவித்தது.

தோழர்களே, பண்பாடுகள் உரையாடட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு பண்பாட்டின் சார்பாக மேடையேறுவது யார்? யோகா, பரதம், பட்டுப்புடவை எல்லாம் விமானம் ஏறும். மலக்குழிக்குள் இறங்குகிறவரின் சொல் ஏறாது. நாட்டுக்கு ஒரு நாற்காலி போட்டால், அந்த நாட்டுக்குள் நாற்காலி மறுக்கப்பட்டவர் அங்கேயும் நின்றுகொண்டுதான் இருப்பார்.

வேறு வகை உரையாடலும் நம்மிடம் உண்டு. அதே 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளிக்கும் மனுவின் படி கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். அரசு அனுப்பாத, விழா நடத்தாத பண்பாட்டு உரையாடல் அது. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்தது. 2022இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டு எதிர்ப்பு விதிகளில் சாதியைச் சேர்த்ததற்குப் பின்னாலும் இதே போன்ற கைகோர்ப்பு இருக்கிறது.

பண்பாட்டுப் பன்மையைச் சாக்காக வைத்து மனித உரிமையை மீற முடியாது என்று யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டுப் பிரகடனமே சொல்கிறது. நாளை உங்களில் பலர் ஆய்வுக்கும் கருத்தரங்குக்கும் வெளிநாடு போவீர்கள். இந்தியப் பண்பாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று ஒலிவாங்கியை நீட்டுவார்கள். ஊரைப் பற்றிப் பேசுங்கள். சேரியையும் சேர்த்துப் பேசுங்கள்.