பக்சீஸ் கூலி ஆகாது
(மும்பைத் தமிழ்த் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாராவிக்கும் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கும் இடையே கிடப்பது மித்தி ஆறு ஒன்றுதான். அக்கரையில் வைரச் சந்தையும், வங்கிகளின் தலைமையகங்களும், நட்சத்திர விடுதிகளும் நிற்கின்றன. அந்த விடுதிகளில் படுக்கை விரிப்பை மாற்றவும் குளியலறையைத் தேய்க்கவும் போகின்றவர்களில் பலர் இக்கரையில் குடியிருக்கின்றனர். 90 அடிச் சாலையிலிருந்து காலை முறைக்குப் புறப்படும் பெண்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு தொகையைச் சொல்வார்கள். உடனே, "அது போக பக்சீஸ் கிடைக்கும்" என்று சேர்த்துக்கொள்வார்கள். வேலையில் சேர்க்கும்போது ஒப்பந்தக்காரரும் அதையேதான் சொல்லியிருப்பார். இந்த "அது போக" என்பதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பக்சீஸ் பாரசீகத்திலிருந்து வந்த சொல். இனாம் அரபியிலிருந்து வந்தது. இரண்டுமே மேலே இருப்பவர் மனமிரங்கிக் கீழே இருப்பவருக்குக் கொடுப்பதைக் குறிப்பவை. பக்சீஸுக்காகக் காத்து நிற்பதை, தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது என்று தமிழில் சொல்கிறோம். உழைத்தவரைத் தலை சொறிய வைக்கும் ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதை அந்த வழக்கே சொல்லிவிடுகிறது. இனாம் நிலங்களை ஒழிக்கத் தமிழகத்தில் 1963-இல் சட்டங்கள் வந்தன. கூலியில் ஒட்டிக்கொண்ட இனாமை ஒழிக்க எந்தச் சட்டமன்றமும் இதுவரை முனையவில்லை.

மும்பையின் விடுதித் தொழில் தொடக்கம் முதலே ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் உழைப்பில் வளர்ந்தது. மாட்டுங்காவின் உடுப்பி உணவகங்களை எல்லோரும் அறிவர். 1940-களில் அங்கே இலை போட்டுச் சோறு பரிமாறியவர்களில் பெரும்பாலோர் தென் கன்னடக் கிராமங்களிலிருந்து வந்த சிறுவர்கள். கடை மூடியபின் மேசைகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே படுத்தார்கள். வசதி கிடைத்தவர்கள் கன்னட இரவுப் பள்ளிகளில் படித்தார்கள். சோறும் படுக்க இடமும் கிடைக்கிறது, தட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போகும் சில்லறையும் கிடைக்கிறது, கூலி எதற்கு என்பதே அக்கால முதலாளிகளின் வாதம். அந்தத் தொழிலாளர்களைத் திரட்டும் முயற்சி மும்பைக்கு வெளியிலும் நடந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தம் தொழிற்சங்க வாழ்வை மங்களூரில் உணவகத் தொழிலாளரிடையேதான் தொடங்கினார். பின்னாளில் அவர் யாரோடு போய்ச் சேர்ந்தார் என்பது வேறு கதை.

இன்றைய விடுதி அறைக்கு வருவோம். ஒரு பெண் தொழிலாளி 8 மணி நேரத்தில் 15, 16 அறைகளை முடிக்க வேண்டும். அறை ஒன்றுக்கு அரை மணி நேரம். அதற்குள் மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருக வேண்டும், உறைகளை மாற்ற வேண்டும், கழிப்பறையையும் கண்ணாடியையும் துடைக்க வேண்டும், தரையைச் சுத்தம் செய்ய வேண்டும், கனமான தள்ளுவண்டியை அடுத்த கதவுக்குத் தள்ள வேண்டும். முதுகும் தோளும் மணிக்கட்டும் தேய்கின்ற வேலை. இதில் கழிப்பறையைத் தேய்க்கும் பங்கு யார் கைக்கு வந்து சேர்கிறது என்பது நமது சாதியச் சமூகத்தில் தற்செயலாக நிகழ்வதன்று.

அறை வாடகை நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 அறைகளுக்கு 1,50,000 ரூபாய். அவர் கை படாமல் அவற்றில் ஓர் அறையைக்கூட மறுநாள் விற்க முடியாது. அந்த வாடகையில் நூற்றில் ஒரு பங்கு, அறைக்கு 100 ரூபாய், அவருக்குப் போனால் நாளுக்கு 1,500 ரூபாய். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 39,000 ரூபாய். கிழக்கே செம்பூரிலோ மேற்கே மாகிமிலோ குடியிருக்கும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி எவருக்கேனும் இந்தத் தொகை மாதச் சம்பளமாக வருகிறதா என்று தோழர்கள் தம் அண்டை வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். நூற்றில் ஒரு பங்கைத் தர மனமில்லாத நிர்வாகம்தான், விருந்தினர் பார்த்துக் கொடுப்பார் என்கிறது.

விருந்தினர் பார்ப்பதுமில்லை. வாசலில் பெட்டி தூக்குபவரையும் மேசையில் பரிமாறுபவரையும் அவர் நேரில் காண்கிறார். அறையைத் துடைப்பவர் அவர் இல்லாத நேரத்தில் வந்து போகிறார். அவர் கண்ணில் படாமல் இருப்பதே நல்ல வேலை என்று பயிற்சியும் தருகிறார்கள். ஆகவே விடுதியில் மிகக் கடினமான வேலையைச் செய்பவருக்கே பக்சீஸ் மிகக் குறைவாக வந்து சேர்கிறது.

நீதிமன்றங்கள் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கின்றன? ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை விடுதித் தொழிலாளர் வழக்கு 1976-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வாடிக்கையாளரிடம் வசூலித்த சேவைக் கட்டணம் நிர்வாகத்தின் பையிலிருந்து போகும் பணமல்ல, வாடிக்கையாளர் கொடுத்ததைத் தொழிலாளருக்குக் கைமாற்றுவது மட்டுமே என்ற நிலையை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தெளிவாக எடுத்துரைத்தார். 40 ஆண்டுகள் கழித்து, 2016 ஏப்ரலில், ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வழியில் சென்றது. வாடிக்கையாளர் கடன் அட்டையில் சேர்த்துக் கொடுக்கும் டிப்ஸை நிறுவனம் ஊழியருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் அது சம்பளம் ஆகாது, எனவே சம்பளத்துக்கான வரியைப் பிடிக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்றது தீர்ப்பு. இப்படி வாதாடி வென்றது நிறுவனத் தரப்பே.

தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரித்துறை வாசலில் நின்று கேட்டால், அது எங்கள் பணமல்ல, சம்பளமுமல்ல என்கிறார்கள். கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளி வந்தால், டிப்ஸ் வருகிறதே, சேவைக் கட்டணத்தில் பங்கு வருகிறதே என்கிறார்கள். உணவகங்கள் ரசீதில் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உடனே முதலாளிகளின் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. அங்கே அவர்கள் எடுத்த வாதங்களில் ஒன்று தொழிலாளரின் நலன். 2025 மார்ச் 28 அன்று அம்மனுக்களை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தொழிலாளர் மீது அவ்வளவு கரிசனம் இருந்தால் அந்தத் தொகையை உணவின் விலையில் சேர்த்துக் கூலியாகவே கொடுத்திருக்கலாம். அதற்கு எந்த ஆணையமும் தடை விதிக்கவில்லை.

இது இந்திய முதலாளிகளின் தனிக்கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், புல்மன் நிறுவனம் தன் படுக்கை ரயில் பெட்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பணியமர்த்தியது. சொற்பக் கூலி கொடுத்து, மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னது. 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்ட அந்தத் தொழிலாளர்கள் 12 ஆண்டுகள் போராடி 1937-இல் ஒப்பந்தம் பெற்றார்கள். ஆனாலும் அந்த நோய் அங்கே சட்டத்திலேயே ஏறிவிட்டது. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது மாறவில்லை.

2014 செப்டம்பரில் மாரியட் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,60,000 அறைகளில் உறைகளை வைத்தது. அறையைத் துடைப்பவருக்கு அன்பளிப்பை இதில் இடுங்கள் என்பது வேண்டுகோள். நீங்களே கூட்டிக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி நாலா பக்கத்திலிருந்தும் எழுந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 அக்டோபரில், அதே நிறுவனத்தின் விடுதிகளில் ஏறத்தாழ 7,700 தொழிலாளர்கள் எட்டு நகரங்களில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிழைக்க ஒரு வேலை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் முழக்கம். உறையைப் பற்றி அம்முழக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கூலியை யார் தருவது என்ற கேள்வி இந்தியாவில் இன்னொரு முடிச்சையும் கொண்டிருக்கிறது. அறை ஒருவருடையது, ஆள் இன்னொருவருடையது. ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருப்பவருக்கு விடுதியின் சேவைக் கட்டணப் பங்கீட்டில் பெயர் இருப்பதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கும் சட்டப் போரில் மும்பைக்குத் தனி இடம் உண்டு. ஏர் இந்தியாவின் துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்நகரிலிருந்துதான் வழக்குத் தொடுத்தார்கள். மத்திய அரசுக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைக் கூட்டவும் துடைக்கவும் ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாதென்று 1976 டிசம்பரில் அறிவிக்கை வந்திருந்தது. அவ்வாறு தடை வந்தபின் அத்தொழிலாளர்கள் நிறுவனத்தின் நேரடித் தொழிலாளர்களே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஐந்தே ஆண்டுகளில், 2001-இல், ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதைக் கவிழ்த்தது. தாராளமயம் நீதிமன்றத்துக்குள்ளும் நுழைந்த காலம் அது. எனினும் ஒரு சந்து மிச்சமிருந்தது. ஒப்பந்தம் வெறும் போர்வை என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிறுவிவிட்டால் தொழிலாளி முதன்மை வேலையளிப்பவரின் ஆளே. அந்தச் சந்தின் வழியாகத்தான் மும்பை மாநகராட்சியின் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் 2,700 பேர் 2017-இல் நிரந்தரம் பெற்றார்கள்.

இப்போது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கியிருக்கிறார்கள். ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தின் குரலை மோடி அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவற்றைத் திரும்பப் பெறச் செய்யும் போராட்டம் தொடரும். அதே வேளையில், பகைவனின் ஆயுதக் கிடங்கில் நமக்குப் பயன்படும் கத்தி ஒன்று கிடந்தால் அதை எடுக்கத் தயங்க வேண்டியதில்லை. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்பு மையச் செயல்பாட்டில் ஒப்பந்தத் தொழிலாளரை வைப்பதைத் தடை செய்கிறது. பிறகு விதிவிலக்குகளை அடுக்குகிறது. துப்புரவும் ஹவுஸ்கீப்பிங்கும் சலவையும் மையச் செயல்பாடு அல்லவாம். ஆனால் அந்த அடுக்கின் தலையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நிறுவனம் அந்தச் செயலுக்காகவே அமைக்கப்பட்டதாக இல்லாத பட்சத்தில்.

வங்கிக்குத் துப்புரவு துணை வேலையாக இருக்கலாம். விடுதி எதற்காக அமைக்கப்பட்டது? அது விற்கும் சரக்கே துடைத்து வைத்த அறையும் விரித்து வைத்த படுக்கையும்தான். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நான்கு சுவர். எனவே விடுதியில் ஹவுஸ்கீப்பிங் மையச் செயல்பாடே என்று தொழிற்சங்கங்கள் இன்றே வழக்குரைக்கத் தொடங்க வேண்டும். முதலாளிகள் எதிர்வாதம் செய்வார்கள். மையச் செயல்பாட்டிலும் வழக்கமாக ஒப்பந்ததாரர் வழியாக நடக்கும் வேலைக்குத் தொகுப்பே விலக்குத் தருகிறது என்பார்கள். 50 பேருக்குக் குறைந்தால் இந்த அத்தியாயமே பொருந்தாது என்பதால் 49, 49 ஆகப் பிரித்து வைக்கவும் செய்வார்கள். மகாராஷ்டிரத்தில் அந்த வரம்பை முன்னதாகவே 20-லிருந்து 50-ஆக உயர்த்திக் கொடுத்துவிட்டது மாநில அரசு. வழக்கு எளிதன்று. திரட்டப்பட்ட தொழிலாளர் இல்லாமல் வழக்கு மட்டும் நடந்தால் தோற்கவும் செய்யும்.

பாரிஸில் பாட்டினோல் பகுதி இபிஸ் விடுதியின் அறைப் பணிப்பெண்கள் ஏறத்தாழ 20 பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்கள், துணை ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். 2019 ஜூலையில் போராட்டத்தில் இறங்கி 2021 மே வரை, 22 மாதங்கள் நின்றார்கள். கூலி உயர்ந்தது, மணிக்கு முடிக்க வேண்டிய அறைகளின் எண்ணிக்கை குறைந்தது, உணவுப்படி கிடைத்தது. விடுதியின் நேரடிப் பணியாளராக வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. அவர்களில் ஒருவரான ராஷெல் கேக்கே 2022-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறையில் போட்ட அன்பளிப்பால் இவற்றில் ஒன்றும் கிடைத்திருக்காது.

அப்படியானால் பக்சீஸ் கொடுக்கலாமா, கூடாதா என்று தோழர்கள் சிலர் கேட்கின்றனர். கொடுப்பது முதலாளிக்கு மானியம் தருவதாகும், ஆகவே கூடாது என்பது ஒரு வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்காவிட்டால் முதலாளிக்கு ஒரு காசும் குறையாது, அன்று மாலை அந்தப் பெண் வீட்டுக்கு வாங்கிப் போகும் பால்தான் குறையும். மாநாட்டுக்கோ மருத்துவத்துக்கோ போய் விடுதியில் தங்கும் தோழர் கொடுத்துவிட்டே வர வேண்டும். கடைசி நாளன்று மொத்தமாக வைத்தால் முதல் நாள் துடைத்தவருக்குப் போய்ச் சேராது. அன்றன்றைக்கு, முடிந்தால் கையில் கொடுப்பதே சரி.

கொடுப்பதோடு, அந்தப் பணம் செய்யும் கெடுதலையும் அறிந்திருக்க வேண்டும். நல்ல பக்சீஸ் விழும் தளத்தை யாருக்கு ஒதுக்குவது என்பது மேற்பார்வையாளரின் கையில் சாட்டையாகிறது. அந்தத் தளத்துக்காகத் தொழிலாளர் தமக்குள் மோதிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விட, மூடிய அறைக்குள் விருந்தினர் தகாத முறையில் நடந்தால், அவர் தரும் பணத்தை நம்பியிருக்கும் பெண் வாய் திறக்க அஞ்சுகிறார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. நிலையான கூலி இல்லாதவரால் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடிவதில்லை.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கிளைகள் செய்யத்தக்க வேலை உடனடியாக ஒன்று உண்டு. தம் பகுதியில் விடுதி வேலைக்குப் போகின்றவர்கள் யார், யாருடைய விடுதி, யாருடைய ஒப்பந்தம், சம்பளச் சீட்டு தருகிறார்களா, வருங்கால வைப்பு நிதி எண் கொடுத்திருக்கிறார்களா, நாளொன்றுக்கு எத்தனை அறை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலியைத் தராவிட்டால் விடுதி முதலாளியே தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. இதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். இந்தி தெரியாத அம்மாக்களுக்காகத் தமிழில் ஒரு துண்டறிக்கை தேவை. மாலை முறை முடிந்து கலாநகர் வழியாக நடந்து திரும்புகின்றவர்களிடம் அதை அங்கேயே கொடுத்துவிடலாம்.