சிவப்பு விளக்கு எரிந்தால் பள்ளிக்குத் தாமதமாகலாம்

(குறுவள மையக் கூட்டத்தில், மலையடிவாரப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யானைகளை ஆராய்வதிலும் பாதுகாப்பதிலும் அறிவியல் தொழில்நுட்பத்தின் பங்கு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

வால்பாறையில் பணியாற்றியபோது பத்தாம் வகுப்புக்குக் காலைச் சிறப்பு வகுப்பு எடுத்துவந்தேன். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன் ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாகத் தாமதமாக வந்தான். காரணம் கேட்காமல் வாசலில் நிற்க வைத்துவிட்டேன். இடைவேளையில்தான் வாய் திறந்தான்: "டீச்சர், லைட் எரிஞ்சுது. அம்மா விடல." எந்த லைட் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்த ஒன்று, புதிதாக மாறுதலில் வந்த அறிவியல் ஆசிரியைக்குத் தெரியவில்லை.

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, காப்பித் தோட்டங்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் யானைகள் இந்தத் தோட்டங்களைக் கடந்துதான் போக வேண்டும். பகலில் எஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளிலும் ஆற்றோரங்களிலும் தங்கி, இருட்டியபின் நடக்கின்றன. அதே பாதையில்தான் நம் மக்களும் நடக்கிறார்கள்.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் எம். ஆனந்த குமாரும் குழுவினரும் 2002 முதல் அங்கே யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். மனிதர்கள் எப்படி இறந்தார்கள் என்பதையும் பார்த்தனர். யானை வீடு தேடி வந்து கொன்றதைவிட, யானை அருகில் இருப்பது தெரியாமல் சாலையிலோ குறுக்குப் பாதையிலோ எதிரே போய் நின்றவர்கள் இறந்ததே அதிகம். அதாவது, பல உயிர்கள் போனதற்குக் காரணம் தகவல் இல்லாமைதான்.

காரணம் தெரிந்ததும் தீர்வும் எளிதாயிற்று. மாலையில் யானைகள் எந்தத் தோட்டத்தில் நிற்கின்றன என்ற செய்தி உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் திரையின் அடியில் ஓடியது. 2011 முதல் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு வந்தது. சாலைத் திருப்பங்களிலும் குடியிருப்புகளுக்கு அருகிலும் உயரக் கம்பங்களில் சிவப்பு விளக்குகள் நிறுத்தப்பட்டன. கைப்பேசி அழைப்பு ஒன்றில் அவை எரியும். எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். யானையைப் பார்த்தால் தோட்டத் தொழிலாளர்களே தகவல் தருவார்கள். அவர்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களே விளக்கையும் இயக்குவார்கள். இப்பணிக்காக ஆனந்த குமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

இதில் விண்வெளித் தொழில்நுட்பம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சிம் கார்டு, ஒரு விளக்கு. பல ஆண்டுக் கள ஆய்வுக்குப் பின் அவை சரியான இடத்தில் நின்றன. என் மாணவனின் தாய் அந்த விளக்கை நம்பினார். நான்தான் அவனை வாசலில் நிறுத்தினேன்.

இனி மதுக்கரைப் பக்கம் வருவோம். எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே இரண்டு ரயில் தடங்கள் காட்டுக்குள் செல்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதற்கு முன்பும் அங்கே யானைகள் இறந்ததுண்டு. இன்று அத்தடங்களின் ஓரமாக 12 கோபுரங்கள் நிற்கின்றன. சாதாரணக் கேமராவுடன் வெப்பக் கேமராவும் அவற்றில் உண்டு. ரூ.7.24 கோடி செலவில் தமிழக வனத்துறை அமைத்த இந்தச் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது.

உடல் வெப்பத்தால் யானை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை வெப்பக் கேமரா பதிவு செய்கிறது. அதற்கு இருட்டு ஒரு தடையில்லை. படத்தில் இருப்பது யானைதானா என்று கணினி நிரல் பிரித்தறிகிறது. உடனே கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை போகிறது. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். வனப் பணியாளர்கள் யானையைத் தடத்தைவிட்டு விலக்குகிறார்கள்.

இதை வகுப்பில் ஒரு கணக்காகப் போடுங்கள். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் நொடிக்கு 20 மீட்டர் ஓடும். ஒரு கிலோமீட்டருக்கு 50 நொடிதான். எச்சரிக்கை ஒரு நிமிடம் முந்தினால் ரயில் 1,200 மீட்டர் தள்ளி இருக்கும். ஒரு யானைக்குட்டி பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையே உள்ள தூரம் அது. வேகம், உந்தம் எல்லாம் பிள்ளைகள் மனத்தில் தானே பதியும்.

ஒலிப் பாடத்துக்கு இன்னொரு செய்தி. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது குற்றொலி, நம் காதுக்குக் கேட்காது என்று ஆண்டுதோறும் சொல்கிறோம். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் கேட்டி பேய்ன் என்ற ஆய்வாளர் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயத்தில் பெரிய குழல் ஆர்கன் அருகே நின்று பாடியபோது உணர்ந்த அதே அதிர்வு. யானைகளின் ஒலியைப் பதிவு செய்து, நாடாவை வேகமாக ஓட்டிப் பார்த்தபோது, கேட்காதிருந்த குரல்கள் கேட்டன. 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான அழைப்புகள் அவை என்று 1986இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். இத்தகைய அழைப்பை அதற்கு முன்பே கவனித்துக் குறித்தவர் நம் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கருவி வரும் முன்பே கண் பார்த்துவிட்டது.

மரபியல் பாடத்துக்கும் ஒன்று உண்டு. 2025 அக்டோபரில் வெளியான தேசிய யானைக் கணக்கெடுப்பு, சாணத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ கொண்டு யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு நடத்தப்பட்டது. நாட்டில் 22,446, தமிழ்நாட்டில் 3,136 என்பது மதிப்பீடு. முறை புதியது என்பதால் பழைய எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டு, கூடியது, குறைந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அளக்கும் முறை மாறினால் ஒப்பிடக்கூடாது என்பதே அங்கு நடத்த வேண்டிய பாடம்.

நிறைவாக, நம் பொறுப்புக்கு வருகிறேன். கேமராவும் விளக்கும் எச்சரிக்கை மட்டுமே தரும். அதைக் கேட்டு ஒருவர் நிற்க வேண்டும். யானைகள் நடக்கத் தொடங்கும் அந்தி நேரத்தில்தான் நம் மாலைச் சிறப்பு வகுப்பும் முடிகிறது. காட்டோரப் பள்ளிகளில் அந்த வகுப்பை வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கத் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். எந்த மாணவர் எந்தப் பாதையில் வருகிறார் என்று ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். யானை கடக்கும் இடங்களை அவர்களே குறிப்பார்கள். அப்பகுதி வனப் பணியாளரின் தொலைபேசி எண் கரும்பலகை ஓரத்தில் இருக்கட்டும். யானையால் ஒரு பிள்ளை தாமதமாக வந்தால், வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு உள்ளே அழையுங்கள்.

அந்த மாணவனிடம் மறுநாள் வகுப்பு முன்னிலையில் வருத்தம் தெரிவித்தேன். பிறகு அவனையே எழச் சொல்லி, அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று விளக்கச் சொன்னேன். அன்று பாடம் அவன்தான் நடத்தினான்.