பஞ்சத்தின் பேரால் வந்த சின்ன ரயில்
(ஒகேனக்கல்லில் நிகழ்த்திய உரை)



காவிரி இரைகிற இரைச்சலில் எங்கள் குரல் பின்வரிசைக்கு எட்டாது. கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்காருங்கள். திருப்பூர் மில்லில் லீவு போட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். பென்னாகரம் பக்கம் களை வெட்டிவிட்டு நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லோரும் பஸ்ஸில்தான் வந்தோம். ஒகேனக்கல்லுக்கு எந்தக் காலத்திலும் ரயில் வந்ததில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் தருமபுரி வரைக்கும் ஒரு சின்ன ரயில் வந்தது. பிறகு அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கதையைத்தான் பேசப்போகிறோம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அன்று இந்தப் பகுதி சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது கணக்கு. ரயில் இல்லாமலா செத்தார்கள்? சென்னையிலிருந்து மொரப்பூர் வழியாக மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரைக்கும் 1862-லேயே ரயில் ஓடிற்று! தானியமும் அதில் போயிற்று. எங்கே போயிற்று? விலை அதிகம் கிடைத்த இடத்துக்குப் போயிற்று. நிவாரண வேலையில் கல் உடைத்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-ல் குறைத்தார், ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி. ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்கும் குறைவு. கல் உடைக்கிறவன் வயிற்றுக்கு அது எந்த மூலைக்கு?

அத்தனை பேர் செத்த பிறகு, 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. வறண்ட ஜில்லாக்களுக்குப் பஞ்சப் பாதுகாப்பு ரயில்கள் போட வேண்டும் என்றது. அந்தப் பேரால் நமக்கு ரயில் வந்தது எப்போது தெரியுமா? திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு நீண்டது 1913-ல். மொரப்பூரிலிருந்து ஓசூர் வரை சுமார் 73 மைல்.

அதே காலத்தில் உலகம் எங்கே இருந்தது? 1903-ல் ஜெர்மனியில், பெர்லினுக்குப் பக்கத்தில், மின்சார ரயில் பெட்டி மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் காட்டியது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சிம்ப்ளான் சுரங்கத்தை 1906-ல் திறந்தார்கள். ஆப்பிரிக்காவில் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை பாதை போட 1896 முதல் 1901 வரை சுமார் 32,000 இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் பஞ்சாபிகள். சுமார் 2,500 பேர் திரும்பவில்லை. அந்த ரயிலில் நம் ரத்தமும் கலந்திருக்கிறது, தோழர்களே.

நமக்குக் கிடைத்தது என்ன? மொரப்பூர் வழியாகப் போகும் பெரிய பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். தருமபுரிக்குப் போட்டது 2 அடி 6 அங்குலம்! பாதியும் இல்லை. செலவு குறைவு, சின்ன இஞ்சின், சின்னப் பெட்டி. ஆனால் பெரிய வண்டி சின்னத் தண்டவாளத்தில் ஏறாது. தருமபுரியிலிருந்து ஒரு மூட்டை புளி சென்னைக்குப் போக வேண்டுமானால், மொரப்பூரில் சின்னப் பெட்டியிலிருந்து இறக்கிப் பெரிய பெட்டியில் ஏற்ற வேண்டும். வருகிற அரிசிக்கும் அதே கதி. தண்டவாளத்தில் மிச்சம் பிடித்த காசு, ஒவ்வொரு மூட்டையாகக் கூலிக்காரன் முதுகில் ஏறியது. மில்லில் பேல் தூக்குகிறவர்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் ஜனங்களுக்கு அது பெரிய விஷயம். ஆடிப் பதினெட்டுக்கு இந்த அருவியில் முழுக வருகிறவன் மொரப்பூரில் வண்டி மாறித் தருமபுரியில் இறங்கலாம். அதற்கு மேல் பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர் மாட்டு வண்டியோ, கால் நடையோதான்.

சின்ன ரயிலுக்கு இன்னொரு குணம் உண்டு: சீக்கிரம் போடலாம், சீக்கிரம் பெயர்க்கலாம். 1914-ல் தொடங்கிய முதல் யுத்தத்தில் ஐரோப்பாவில் இரு தரப்பும் 60 சென்டிமீட்டர் அகலத் தண்டவாளத்தைப் பதுங்கு குழிகள் வரை இழுத்துக்கொண்டுபோய்க் குண்டுகளைச் சுமந்தன. இரண்டாம் யுத்தத்தில் நம் முறை வந்தது. இந்தியாவில் பல கிளைப் பாதைகளைப் பெயர்த்துத் தளவாடங்களை மேற்காசியப் போர்முனைக்கு அனுப்பியது வெள்ளை சர்க்கார். மொரப்பூர்–ஓசூர் பாதை 1941-ல் மூடப்பட்டது. பஞ்சம் தீர்ந்துவிட்டதா? இரண்டே வருஷத்தில் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். ரயிலை எடுக்கும்போது எந்தக் குடியானவனையும் யாரும் கேட்கவில்லை, போடும்போதும் கேட்கவில்லை.

பிறகு தருமபுரி மறுபடி ரயிலைப் பார்த்தது 1960-களில், சேலம்–பெங்களூர் மீட்டர்கேஜ் பாதை வந்தபோதுதான். 1990-களில் அது அகலப்பாதை ஆயிற்று. நல்லதுதான். ஆனால் மொரப்பூர்த் துண்டு, அந்த 36 கிலோமீட்டர்? 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி, 2019-ல் அடிக்கல். மூடிய வருஷத்துக்கும் அனுமதி கொடுத்த வருஷத்துக்கும் நடுவில் 75 வருஷம்! பாதை ஓடியதே 35 வருஷம்தான்.

மொரப்பூர், பாலக்கோடு பக்கத்துத் தோழர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் தாத்தாவோ பாட்டியோ அந்த வண்டியைப் பற்றியும், அந்தப் பாதையில் மண் சுமந்தவர்களைப் பற்றியும் சொன்னது நினைவிருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்கிறோம். கடைசிப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.