பெரிய சக்கரமும் பழைய கணக்கும்

அன்பர்களே, பொருள்களை அளப்பதற்குக் கருவி செய்துகொண்ட மனிதன், அக்கருவியை அளந்து பார்க்க மறந்துவிடுகின்றான். இவ்வுண்மையை நான் நூலில் கற்கவில்லை. காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்றிடம் கற்றேன். அதற்குக் கொடுத்த விலை, நல்லவர் ஒருவரை ஐயுற்ற பழி.

ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலிருந்து மதுரைக்குக் காய்கறி கொண்டு செல்லும் வண்டி அது. அதன் டயர்கள் தேய்ந்துபோயின. வண்டிக்கு உரிய அளவு 215/75 ஆர் 15. அந்த அளவு அன்று கடையில் இல்லை. "235/75 போட்டுக்கொள்ளுங்கள் ஐயா, இதே ரிம்மில் உட்காரும், வண்டியும் தூக்கலாக நிற்கும்" என்றார் கடைக்காரர். ரிம்மில் உட்கார்ந்தது உண்மைதான். என் கணக்கில்தான் உட்காரவில்லை.

மறு திங்கள் கணக்கெழுத அமர்ந்தேன். மீட்டரின்படி வண்டி ஓடிய தூரம் 2,877 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. ஆகவே 240 லிட்டர் டீசல் போதும். செலவானதோ 250 லிட்டர். பத்து லிட்டர் எங்கே போயிற்று? எட்டு ஆண்டுகள் என்னிடம் வண்டி ஓட்டியவரை அழைத்து, "தம்பி, டீசல் எங்கே போகின்றது?" என்று கேட்டேன். கேட்ட முறையிலேயே என் ஐயம் வெளிப்பட்டிருக்க வேண்டும். அவர் முகம் வாடிற்று. "நாளைக்கு ஒரு நடை என்னோடு வாருங்கள், ஐயா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர்க் கற்களை எண்ணிக்கொண்டே சென்றோம். இருபது கிலோமீட்டர் கடந்தபோது, மீட்டர் பத்தொன்பதைச் சற்றே தாண்டியிருந்தது. "கல் நகராது ஐயா, மீட்டர்தான் குறைத்துச் சொல்கின்றது" என்றார் அவர்.

காரணம் எளியது. மீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை, சுற்றுகளையே எண்ணுகின்றது. 1902-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஆட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற வேகமானியில், சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும்; மெல்லிய சுருள்வில் அதனைத் தடுக்கும்; அவ்வளவிற்கு முள் நகரும். இக்காலத்து வண்டிகளில் அவ்வேலையை மின்துடிப்புகள் செய்கின்றன. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று ஆலையில் எழுதிவைத்த கணக்கை மீட்டர் நம்புகின்றது.

215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எவ்வளவு என்பது. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கணக்கிட்டால் பழைய டயரின் விட்டம் 703.5 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 733.5. வேறுபாடு 30 மில்லிமீட்டரே. ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஏறத்தாழ 94 மில்லிமீட்டர் கூடுதலாக நகர்கின்றது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 959 மீட்டர் என்கின்றது.

களத்துமேட்டில் நெல் அளப்பவர் "லாபம், இரண்டு, மூன்று" என்று எண்ணுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர் கையில் சற்றே பெரிய மரக்காலைக் கொடுத்துவிட்டால், நெல் குறையாது, எண்ணிக்கை குறையும். அதைக் கண்டு நெல் களவு போயிற்று என்று கூவினால் எப்படியிருக்கும்? நான் செய்தது அதுதான்.

தூரத்தில் நேர்ந்த பிழை பணத்தோடு போகும். வேகத்தில் நேரும் பிழையோ உயிரைத் தொடும். முன்பு சரியாகக் காட்டிய மீட்டராயின், இப்போது 80 என்று காட்டும்போது வண்டி 83 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகள் அவையின் 39-ஆம் ஒழுங்குவிதி. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் நான்கு கிலோமீட்டரும் சேர்ந்த அளவுக்கு மேற்படலாகாது. இந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான் பெரிய டயர் தின்றுவிடுகின்றது.

பரிகாரம் என்ன? உரிய அளவு டயருக்கே திரும்புவது முதல் வழி. கம்பியால் இயங்கும் பழைய மீட்டராயின், அதனை ஓட்டும் சிறு பற்சக்கரத்தை மாற்றலாம். மின்னணு மீட்டராயின், பல வண்டிகளில் பணிமனையில் புதிய அளவைப் பதியச் செய்யலாம். ஒன்றும் இயலாவிடில், புதிய விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து, வந்த எண்ணால் மீட்டர் காட்டுவதைப் பெருக்குக. எங்கள் வண்டிக்கு அவ்வெண் 1.043. அதனை ஓட்டுநரின் கண்ணெதிரே எழுதி ஒட்டியிருக்கின்றேன்.

2,877 கிலோமீட்டரை அவ்வெண்ணால் பெருக்கினேன். மூவாயிரம் வந்தது. டீசல் கணக்கு நேராயிற்று. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது: கிலோமீட்டர்க் கணக்கில் நான் தரும் பேட்டாவில், அவருக்கு 123 கிலோமீட்டருக்கு உரிய பணம் குறைந்திருந்தது. களவு நடந்தது உண்மைதான். இழந்தவர் நான் அல்லேன்.

பணத்தைக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். "மீட்டர் செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், ஐயா" என்றார் அவர். அஃது அவருடைய பெருந்தன்மை. மீட்டர் எண்ணிக்கையை மட்டுமே சொல்லிற்று. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எடைபோட்டவன் நானல்லவா? அன்பர்களே, டயரின் அளவை மாற்றினால் மீட்டரையும் சோதித்துவிடுங்கள். மனிதரை ஐயுறுமுன் ஒரு முறை கற்களையும் எண்ணிப் பாருங்கள்.